தண்ணீர் போகும் வழி: மலைவீட்டின் வெளிப்பூச்சு

கீழ்ப்பழனி மலையிலுள்ள பண்ணைக்காட்டில் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஏதாவது ஒரு தெருவில் நடந்து பாருங்கள். பூச்சு சரியாக இருக்கும் சுவர் மதியத்துக்குள் காய்ந்து வெளுத்திருக்கும். சரியில்லாத சுவர் தன் குறையைத் தானே காட்டிக்கொடுக்கும். ஜன்னலின் இரண்டு கீழ்மூலைகளிலிருந்தும் கறுப்புக் கோடு இறங்கியிருக்கும். கைப்பிடிச்சுவருக்குக் கீழே ஒரு முழத்துக்கு ஈரம் நின்றிருக்கும். தரையை ஒட்டிய பகுதியில் பெயிண்ட் கொப்பளித்து, தொட்டால் உள்ளே மாவாக உதிரும். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் நம் வீடுகளில் மூன்றுக்கும் ஒரே வேலைதான் நடக்கிறது: பொங்கலுக்கு முன்னால் மேலே இன்னொரு கோட் பெயிண்ட். அடுத்த கார்த்திகையில் அதே இடம் அதே மாதிரி உரியும்.

இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். எந்தப் பூச்சும் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும். குடித்ததை வெயிலில் விட்டுவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. உள்ளே போன தண்ணீர் வெளியேற முடியாமல் தங்கும்போதுதான் பூச்சு சுவரை விட்டுக் கழல்கிறது. அதனால் கரண்டியைக் கையில் எடுப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போக முடியாமல் நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

மழையின் திசை, வெயிலின் திசை

கீழ்ப்பழனி மலைக்குப் பெருமழை வருவது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில். அது கிழக்கும் வடக்கும் பார்த்த சுவர்களில் சாய்ந்து அடிக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்றும் சாரலும். சித்திரை, வைகாசியில் இடிமழை. ஆக, சுவர் முழுசாகக் காய்வதற்கு வருடத்தில் நமக்குக் கிடைப்பது தை பிற்பகுதி முதல் பங்குனி வரையிலான சில வாரங்கள்தான்.

வடக்குச் சுவரில் மட்டும் ஏன் பாசி அப்படிப் பிடிக்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்து பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும்தான் உச்சிச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாக நிற்கும். மழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் வடக்குச் சுவரில் நேர்வெயில் படுவதே இல்லை. அதிகம் நனையும் மாதங்களில் கொஞ்சமும் காயாத சுவர் அது. பராமரிப்புச் செலவில் பாதியை அந்த ஒரு சுவருக்கு ஒதுக்கினாலும் தவறில்லை. மேற்குச் சுவரின் கதை வேறு. பிற்பகல் வெயிலில் சூடேறி, இரவுக் குளிரில் சுருங்கி, நூலிழை விரிசல்கள் அங்கேதான் அதிகம் தோன்றும்.

வழக்கமான திசையை மட்டும் நம்பியும் இருந்துவிடக் கூடாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், நம் திண்டுக்கல் மாவட்டம் வழியாகத்தான் கேரளத்துக்கு நகர்ந்தது. புயல் ஓர் இடத்தைக் கடக்கும்போது காற்று திசை மாறி அடிக்கும். வருடக்கணக்காக நனையாத சுவரில் திறந்து கிடக்கும் விரிசலை அன்றைக்குத்தான் தண்ணீர் கண்டுபிடிக்கும்.

உங்கள் சுவர் எந்த வகை?

ஊருக்குள் மூன்று தலைமுறைச் சுவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி மேலே சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடுகள். செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய வீடுகள். மலைப்பாதையில் லாரியில் வந்த செங்கல்லோ சிமெண்ட் கல்லோ வைத்து, காங்கிரீட் தூண் எழுப்பிக் கட்டிய புது வீடுகள். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் வாசல் நிலையருகே சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். ஒன்றரை அடிக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கல்-மண் சுவர். ஒன்பது அங்குலம் என்றால் செங்கல். எட்டு, ஆறு அங்குலம் என்றால் சிமெண்ட் கல். பூச்சு ஏற்கெனவே பெயர்ந்திருக்கும் இடத்தில் ஒரு துண்டை எடுத்து ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாகவோ பழுப்பாகவோ இருந்து சுலபமாகக் கீறப்பட்டால் அது சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் ஆணி வழுக்கினால் சிமெண்ட்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மண்சுவர் மேல் சிமெண்ட் பூசுவது இந்த மலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. மண்சுவரும் சுண்ணாம்புச் சுவரும் தரையிலிருந்து ஓதத்தை இழுத்து, முகத்தின் வழியே மெதுவாக விட்டுக்கொண்டே இருப்பவை. வெளியே சிமெண்டால் மூடிவிட்டால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. அது மேலே ஏறும், இல்லையென்றால் வீட்டுக்குள் வரும். சில வருடங்களில் சிமெண்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மண் குழைந்து, பூச்சு தகடு தகடாகச் சரியும். கூடவே சுவரின் மண்ணும் வந்துவிடும். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் நூற்றாண்டுகள் நின்ற மண்சுவர் வீடுகள் சில, இருபதாம் நூற்றாண்டில் சிமெண்ட் பூசப்பட்ட பிறகு இப்படித்தான் இடிந்தன. 1877-இல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கம் அங்கே இன்றும் பழைய சுவருக்குச் சுண்ணாம்பைத்தான் பரிந்துரைக்கிறது.

புது வீட்டுக்காரர்களும் பார்க்க வேண்டிய பாடம் கனடாவில் இருக்கிறது. 1980-களிலும் 90-களிலும் வான்கூவரில் வெளிப்பூச்சு பூசிய ஆயிரக்கணக்கான அடுக்ககங்கள் உள்ளுக்குள்ளேயே அழுகின. 1998-இல் முன்னாள் மாகாணப் பிரதமர் டேவ் பாரெட் தலைமையில் விசாரணை ஆணையமே அமைக்க வேண்டியதாயிற்று. அவை மரச்சட்டக் கட்டிடங்கள், நம்முடையவை அப்படி இல்லை. ஆனால் காரணங்களில் ஒன்று நமக்கும் பொருந்தும்: வெயில் நாட்டுப் பாணியில், இறவாரமே இல்லாத மொட்டைச் சுவர்களை மழை நாட்டில் எழுப்பினார்கள். பண்ணைக்காட்டுப் பழைய ஓட்டு வீடுகளில் இறவாரம் சுவரைத் தாண்டி இரண்டடி, மூன்றடி நீண்டிருக்கும். மழை சுவரின் மேல்பாதியைத் தொடவே தொடாது. தட்டையான காங்கிரீட் கூரைக்கு மாறியபோது அந்த இறவாரத்தை விட்டுவிட்டோம். புதிதாகக் கட்டுபவர்கள் வரைபடத்திலேயே கூரையை எல்லாப் பக்கமும் இரண்டடி வெளியே நீட்டிவிடுங்கள். ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள் வடக்கு, கிழக்குப் பக்கங்களில் தகரத்தாலோ ஓட்டாலோ ஒரு சாய்ப்பு இறக்கலாம். எந்த விலையுயர்ந்த பெயிண்டும் அந்தச் சாய்ப்பு அளவுக்குச் சுவரைக் காப்பாற்றாது.

தட்டிப் பார்ப்பது

வருடத்துக்கு இரண்டு முறை வீட்டைச் சுற்றி வாருங்கள்: புரட்டாசியில், பெருமழைக்கு முன், தை கடைசியில், மழை நின்ற பின். கையில் ஒரு சுண்ணாம்புக்கட்டி, பென்சில், சிறு சுத்தியலின் மரப்பிடி போதும். பிடியால் ஓரடிக்கு ஓரடி மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டியிருக்கும் பூச்சு கெட்டியாக ஒலிக்கும். கழன்ற பூச்சு, பழுக்காத பலாவுக்கும் பழுத்த பலாவுக்கும் உள்ள வித்தியாசம் போல, பொத்தென்று ஒலிக்கும். அந்த ஒலி கேட்கும் எல்லைவரை சுண்ணாம்புக்கட்டியால் வளையம் போட்டுவிடுங்கள். உள்ளங்கை அகலத்துக்குள் இருந்து, விரிசலும் இல்லையென்றால் அடுத்த முறைவரை விட்டு வைக்கலாம். அதற்கு மேல் என்றால் எடுத்துவிட வேண்டியதுதான். இரண்டாம் மாடி உயரத்தில் பெயர்ந்து தொங்கும் பூச்சு, கீழே நிற்கும் ஆள் மேல் விழும் கல்லுக்குச் சமம். அதை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

விரிசல்களைப் பொறுத்தவரை வடிவம்தான் முக்கியம். சிலந்தி வலை மாதிரி எல்லாப் பக்கமும் ஓடும் மயிரிழை விரிசல், பூசும்போது சிமெண்ட் கூடியதாலோ சரியாகத் தண்ணீர் விடாததாலோ வந்தது, மேற்பரப்போடு நின்றுவிடும். தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் செங்குத்தாக ஓடும் நேர்க்கோடு, அங்கே பூசும்போது கம்பிவலை வைக்காமல் விட்டதைக் காட்டுகிறது. கூரைக்குச் சற்றுக் கீழே படுக்கையாக ஓடும் கோடு, வெயிலில் காங்கிரீட் கூரை நீண்டு சுருங்குவதால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போலச் சாய்ந்து, கல் இடுக்குகள் வழியே இறங்கும் விரிசல்தான் கவலைக்குரியது. அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது என்று அர்த்தம். மலைச்சரிவில் வெட்டிக் கட்டிய வீட்டில் இதை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு பக்கமும் சிமெண்ட் வைத்து ஒட்டிவிடுங்கள். ஒரு மழைக்காலத்துக்குள் கண்ணாடி உடைந்தாலோ விரிசல் கோட்டைத் தாண்டினாலோ கொத்தனாரைக் கூப்பிட்டுப் பயனில்லை. கட்டமைப்புப் பொறியாளர்தான் வந்து பார்க்க வேண்டும். அதுவரை அந்த விரிசலைப் பூசி மறைக்காதீர்கள்.

மேலிருந்து கீழே

முதலில் கைப்பிடிச்சுவரின் உச்சி. நம் ஊரில் அதிகத் தண்ணீர் சுவருக்குள் இறங்குவது அந்த வழியாகத்தான், ஏனென்றால் அங்கே யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. உச்சிக்கு மொட்டைமாடிப் பக்கமாக வாட்டம் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் வாட்டம் இருந்தால் ஒவ்வொரு மழையிலும் தூசியும் பாசியும் கலந்த தண்ணீர் சுவர் முகத்தில்தான் வழியும். உச்சியின் விளிம்பு சுவரைவிட ஓரிரண்டு அங்குலம் வெளியே நீண்டு, அடிப்பக்கத்தில் ஒரு காடி ஓட வேண்டும். விளிம்பில் வழியும் துளி அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். காடி இல்லாவிட்டால் துளி அடிப்பக்கமாகவே ஒட்டிக்கொண்டு சுவருக்கு வந்துவிடும். சன்ஷேடுக்கும் ஜன்னல் கட்டைக்கும் இதே விதிதான். விரல் அகலக் காடி ஒன்று, வெளிப்பக்கமாக வாட்டம். முன்னே சொன்ன ஜன்னல்மூலைக் கறுப்புக் கோடுகள் நின்றுபோகும். புது வீடுகளில் ஜன்னல் கட்டையைச் சுவரோடு சமமாக நிறுத்தி அழகு பார்க்கிறார்கள். இந்த மழையில் அந்த அழகு நிலைக்காது.

மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் குழாய் எங்கே விடுகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அது சுவரைத் தொட்டபடி முடிந்து, வருடம் முழுக்க ஒரு பச்சைக் கோட்டை வளர்த்துக்கொண்டிருக்கும். ஓரடிக் குழாய் சேர்த்து வெளியே நீட்டினால் முடிந்தது. ஜன்னல் சட்டத்துக்கும் பூச்சுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வெள்ளை சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். மரமும் அலுமினியமும் அசையும், சிமெண்ட் அசையாது. வளைந்துகொடுக்கும் சீலண்ட் வைத்து அடையுங்கள்.

சவ்சவ் பந்தல் கம்பியைச் சுவரில் ஆணியடித்துக் கட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம். ஆணி ஓட்டை ஒவ்வொன்றும் மழைக்குத் திறந்த வாசல், கொடி மறைக்கும் சுவர் காய்வதுமில்லை. விரிசலில் அரசோ ஆலோ முளைத்திருந்தால் இலையை ஒடித்துவிட்டுப் போனால் வேர் இன்னும் தடிக்கும். அந்த இடத்துப் பூச்சைக் கொத்தி வேரோடு எடுத்த பிறகே பூச வேண்டும்.

இனித் தரைமட்டம். மலைவீட்டில் பெரிய வேலை இங்கேதான். வெளியே மண் எப்போதும் வீட்டுத் தரைமட்டத்தைவிடக் குறைந்தது ஆறு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். ஒன்றரை அடி தாழ்ந்திருந்தால் இன்னும் நல்லது. வருடாவருடம் மேலிருந்து மண் வந்து சேர்ந்து இந்த உயரத்தைத் தின்றுவிடும். வெட்டி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு ஜல்லி பரப்பிவிட்டால் மழைத்துளி மண்ணை வாரிச் சுவரில் அடிக்காது, செம்மண் கறை பாதியாகக் குறையும்.

மேட்டுப்பக்கம்தான் தீராத தொல்லை. சரிவை வெட்டிச் சமன்செய்து கட்டும்போது இடம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்று பின்சுவரோடு மண்ணைச் சேர்த்துவிடுகிறார்கள். மலைக்குள் ஊறி வரும் தண்ணீர் அத்தனையும் அந்தச் சுவரில் வந்து முட்டும். உள்ளே எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் அந்த அறை மணக்கத்தான் செய்யும். சரிவுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்கும் அளவுக்கு, குறைந்தது இரண்டரை அடி, சந்து விடுங்கள். மண்ணைத் தனித் தடுப்புச்சுவர் தாங்கட்டும். அதில் தண்ணீர் கசிந்து வர ஓட்டைகள் இருக்க வேண்டும். சந்தின் நடுவே திறந்த வாய்க்கால், பக்கவாட்டில் வாட்டம். அது கடைசியில் விடும் இடம் கீழ்வீட்டுக்காரர் சுவராக இருக்கக் கூடாது. ஓடைக்கோ பொது வடிகாலுக்கோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சில்வர் ஓக் சருகு அந்த வாய்க்காலை ஒரே மாதத்தில் அடைத்துவிடும். புரட்டாசிச் சுற்றின்போது கட்டாயம் வாரிவிடுங்கள். ஏற்கெனவே மண் சேர்ந்துவிட்ட வீடு என்றால், தை முதல் பங்குனிக்குள், பகுதி பகுதியாக மட்டும் வெட்டி எடுங்கள். மழை நேரத்தில் சரிவின் அடியை வெட்டினால் மேலே இருப்பது இறங்கிவரும்.

காப்பி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பழம் அரைத்துக் கழுவிய தண்ணீர் புளித்து அமிலமாக இருக்கும். சுண்ணாம்பும் சிமெண்டும் இரண்டுமே அமிலத்தில் கரைபவை. பழம் அரைக்கும் பல்பர் கொட்டகை வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தால் அந்தச் சுவரின் அடிப்பூச்சு மணல் மணலாக உதிர்வதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். கழுவுநீரைத் தனிக் குழிக்கு விடுங்கள். விறகையும் சுவரோடு அடுக்காமல் ஓரடி தள்ளி அடுக்கினால் சுவரும் காயும், கரையானும் கண்ணில் படும்.

சிமெண்ட் பூச்சைச் சரிசெய்தல்

தண்ணீர் வரும் வழியை அடைத்து, ஒரு கோடையாவது காயவிட்ட பிறகுதான் கரண்டிக்கு வேலை. "அண்ணே, பழசு மேலயே ஒரு கோட்டு போட்டுருவோம், ஒண்ணும் தெரியாது" என்று கொத்தனார் சொன்னால் மரியாதையோடு மறுத்துவிடுங்கள். கழன்ற பூச்சு மேல் போடும் எதுவும் அதனோடுதான் விழும்.

வளையம் போட்ட இடத்தைச் சுற்றிலும் இன்னும் நாலு அங்குலம் கூட்டி, சதுரமாக, செங்கல் தெரியும்வரை வெட்டி எடுங்கள். ஓரங்கள் உள்பக்கம் சற்றுச் சரிந்திருந்தால் புதுப்பூச்சு பிடித்துக்கொள்ளும். கல் இடுக்குகளைப் பத்து மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, தூசி போக இரும்புப் பிரஷால் தேய்த்து, முந்தின நாளே நனைத்துவிட வேண்டும். காங்கிரீட் தூணின் முகம் வழவழப்பாக இருந்தால் கொத்திவிடுங்கள். தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் இரு பக்கமும் நாலைந்து அங்குலம் படியும்படி கம்பிவலையை ஆணியால் இறுக்குங்கள்.

கலவைக்கு நம் ஆட்கள் சிமெண்டைக் கூட்டினால் பலம் கூடும் என்று நினைக்கிறார்கள். வெளிப்பூச்சில் நேர்மாறு. சிமெண்ட் கூடக் கூடச் சுருக்கம் கூடும், சுருங்கினால் வெடிக்கும். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து, ஆறு பங்கு மணல் போதும். என் தேர்வு இன்னும் ஒரு படி தள்ளி: ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். சுண்ணாம்பு சேர்ந்த பூச்சு கரண்டிக்கு இணங்கி வரும், குறைவாக வெடிக்கும், கொஞ்சம் மூச்சும் விடும். இது புதுமை ஒன்றுமில்லை. பூச்சு வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1661, 1972-லேயே சிமெண்ட்-சுண்ணாம்புப் பூச்சையும் சேர்த்தேதான் பேசுகிறது.

கட்டுவேலைக்கு வந்த எம்-சாண்டைப் பூச்சுக்கு எடுக்காதீர்கள். பூச்சுக்கென்று சலித்த பி-சாண்டைக் கேளுங்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், மேலே உப்புத்தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேல் படியும் சேறு, மணல் உயரத்தில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் போனால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

வெளிப்பூச்சு மொத்தம் இருபது மில்லிமீட்டர், இரண்டு தடவையாக. முதல் தடவை பன்னிரண்டு. முகத்தைக் கீறிவிட்டு, இரண்டு நாள் தண்ணீர் காட்டி, அதன் மேல் எட்டு. தண்ணீர் ஊற்றிக் குழைத்த கலவையை அரை மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். சாப்பாட்டுக்குப் போய்வந்து மறுபடி தண்ணீர் தெளித்துக் குழைக்கும் கலவைதான் பல சுவர்களில் மணலாக உதிர்கிறது. கடைசி முகத்தை மணியாசுக் கட்டையால் தேய்த்து, சற்று நறநறப்பாகவே விடுங்கள். மேலே உலர் சிமெண்டைத் தூவி இரும்புக் கரண்டியால் பளபளக்க இழைத்தால் அந்த முகம் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும்.

பிறகு நீராற்றல். ஏழு நாள், குறைக்காமல். மலையில் குளிர்தானே, தானாக ஈரம் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். மாசி, பங்குனிக் காற்று எவ்வளவு வறண்டது என்று அப்போது காயப்போட்ட காப்பியைக் கேட்டால் தெரியும். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, காலை, மதியம், மாலை தெளியுங்கள்.

சுண்ணாம்புச் சுவருக்கு

பழைய வீட்டில் நல்ல நிலையில் இருக்கும் காரையைத் தொடாதீர்கள். பெயர்ந்த இடத்தை மட்டும் எடுத்து, உள்ளே இருக்கும் மண்ணை நனைத்து, பள்ளமாக இருந்தால் சிறு கல்லும் சுண்ணாம்புக் கலவையும் வைத்து நிரப்புங்கள். ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். ஓதம் அதிகமுள்ள அடிப்பகுதிக்கு மணலில் ஒரு பங்கைக் குறைத்து நன்றாக வெந்த செங்கல்லின் தூளைச் சேர்த்தால், ஈரத்திலும் இறுகும். சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. வாரக்கணக்கில் ஊறவைத்தார்கள் முன்னோர். கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த செட்டிநாட்டுப் பூச்சின் பளபளப்பு அற்புதமானது. ஆனால் மழையடிக்கும் மலைச்சுவரின் வெளிமுகத்துக்கு எளிய மணல்-சுண்ணாம்பே போதும்.

ஒரு தடவைக்குப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமிலவாயுவை இழுத்துத்தான் கல்லாகிறது. அதற்கு லேசான ஈரமும் வேண்டும், நாட்களும் வேண்டும். அவசரப்படுபவர்களுக்கு ஒத்துவராத வேலை இது. கல் சுண்ணாம்பை நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் போட்டு, குழந்தைகளைத் தள்ளி வைத்து, தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும்; சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாசியும் பெயிண்டும்

பாசி பிடித்த சுவரை முதலில் காய்ந்த பிரஷால் தேய்த்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தடவி இருபது நிமிடம் விட்டுக் கழுவுங்கள். இதனோடு அமிலம் எதையும் கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். ஓடைப் பக்கமும் செடிகளுக்கும் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. வண்டி கழுவும் வேகக் குழாயைச் சுவரில் பாய்ச்சுவது விரிசலுக்குள் நாமே தண்ணீரைத் தள்ளுவது. வெள்ளையாக உப்புப் பூத்த இடத்தில் தண்ணீரே விடாமல் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். நனைத்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் சுண்ணாம்புக் காலத்தில் மிகச் சரியாக இருந்தது. மார்கழிச் சுவர் இன்னும் ஈரமாகத்தான் இருக்கும்; சுண்ணாம்புக்கு அந்த ஈரம் வேண்டும், அதன் வழியே சுவரும் பிறகு மூச்சுவிடும். இப்போது அதே தேதியில் எமல்ஷன் அடிக்கிறோம். ஐப்பசி மழை முழுவதும் இன்னும் சுவருக்குள் இருக்கும்போது மேலே படலம் போட்டு மூடுகிறோம். சித்திரை வெயில் அடித்ததும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி அந்தப் படலத்தைத் தள்ளிக் கொப்பளிக்க வைக்கிறது. பண்டிகைக்கு வீடு புதுசாக இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. முன்வாசலுக்கும் உள்சுவர்களுக்கும் தையில் அடியுங்கள். வெளிச்சுவர் எமல்ஷனை மாசி பிற்பகுதிக்குத் தள்ளுங்கள். அப்போதும் சந்தேகம் இருந்தால் ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் தயாராகவில்லை. புதுப்பூச்சு என்றால் குறைந்தது நாலு வாரம் பொறுக்க வேண்டும்.

சிமெண்ட் பெயிண்டுக்கு முறையே வேறு. சுவரை நனைத்துவிட்டு அடித்து, மறுநாள் இரண்டாவது கோட், பிறகு தண்ணீர் தெளிக்க வேண்டும். விலையும் குறைவு, சுவரை மூடாது; வடக்குச் சுவருக்கு நான் இதையே சொல்வேன். கல்-மண் வீட்டுக்கு வருடம் ஒரு முறை சுண்ணாம்பு, கஞ்சியோ வச்சிரமோ சேர்த்து, மெல்லியதாக மூன்று தடவை. எனாமல் பெயிண்டை எந்த வெளிச்சுவரிலும் அடிக்காதீர்கள்.

ஆளும் நாளும்

சுவர் காயும் மாதங்களும் காப்பி பறிப்பின் கடைசி மாதங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுதான் இந்த ஊரின் சிக்கல். சித்தாள் வேலைக்கு வருபவர்கள் பலரும் அப்போது தோட்டத்தில் இருப்பார்கள். கார்த்திகையிலேயே கொத்தனாரிடம் பேசி மாசிக்கு நாள் குறித்துவிடுங்கள். மணலும் சிமெண்டும் வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறவேண்டும், ஆகவே பொருளை வேலைக்கு ஒரு வாரம் முன்னால் இறக்கி, சிமெண்டைத் தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். பேசும்போது சதுரஅடிக் கூலியோடு நிற்காமல், ஏழு நாள் தண்ணீர் விடுவது யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். அது யாருடைய வேலையும் இல்லை என்று விடப்பட்ட வீடுகளில்தான் பூச்சு முதலில் வெடிக்கிறது.

சரிவில் சாரம் கட்டும்போது சவுக்குக் கம்பின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் பலகை வைக்கச் சொல்லுங்கள். ஈர மண்ணில் ஒரு கால் இறங்கினாலும் சாரம் முழுதும் சாயும். வேலை முடிந்து சாரத்தைப் பிரிப்பதற்கு முன்னால், கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறி, கைப்பிடிச்சுவர் உச்சியின் வாட்டத்தையும் சன்ஷேடுக் காடிகளையும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் காடியில் சொட்டாமல் சுவரைத் தேடி வந்தால் அன்றைக்கே திருத்திவிடலாம். சாரத்தைப் பிரித்துவிட்டால் அந்த ஒரு விரல் காடிக்காக இன்னொரு சாரக்கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.